மூன்றாமவர் வாக்கு

தமிழிலக்கணம் இடத்தை மூன்றாக வகுத்துள்ளது. பேசுவோன் தன்மை, கேட்போன் முன்னிலை, இவ்விருவரும் அல்லாதார் அனைவரும் படர்க்கை. முதலாண்டு மாணவர்க்கு இப்பாடத்தைப் பல்லாண்டுகளாக நடத்தி வருகிறோம். ஒருமுறையும் எழாத வினா ஒன்று 2024ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் நம் வகுப்பில் எழுந்தது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தல் முடிந்திருந்த நேரம் அது. பின் வரிசையிலிருந்து எழுந்த மாணவன் ஒருவன், "ஐயா, இலக்கணத்தில் படர்க்கைக்கு இடம் உண்டு, தேர்தலில் உண்டா?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம். ஆயினும் அவ்வினா நம்மோடு வீடுவரை நடந்து வந்தது. ஏனெனில் அவ்வினாவிற்கு விடை கூறத் தவறியதால் நம் குடும்பத்தில் நேர்ந்த ஒரு பிழை நம் நெஞ்சில் நெடுநாளாக உறுத்திக் கொண்டிருந்தது. அவ்விடையை இம்மலரில் எழுதிக் கடன் தீர்க்க முயல்கிறோம்.

அமெரிக்கப் பாடம்

அம்மாணவன் அவ்வாறு கேட்டதற்குக் காரணம் இருந்தது. மிச்சிகன் மாநிலத்தில் டியர்பார்ன் என்றோர் ஊர் உண்டு. அரபு வழித்தோன்றல்கள் பெரும்பான்மையாக வாழும் தொழில் நகரம் அது. காஸாவில் நிகழ்ந்த பேரழிவால் மனம் நொந்திருந்த அவ்வூர் மக்கள், பெருங்கட்சிகள் இரண்டிற்கும் அப்பால் மூன்றாமவர் ஒருவரைத் தேடினர். டிரம்ப் ஏறத்தாழ 42 விழுக்காடும், கமலா ஹாரிஸ் 36 விழுக்காடும், பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டைன் 18 விழுக்காடும் அங்கு வாக்குகள் பெற்றனர். "மூன்றாமவருக்குப் போட்டவர்களே ஹாரிஸைத் தோற்கடித்தார்கள்" என்ற பேச்சு உடனே எழுந்தது. அப்பேச்சு நம் ஊர்த் தேநீர்க் கடைகள்வரை வந்து சேர்ந்தது.

கணக்கு வேறாகச் சொல்கிறது. மிச்சிகனில் டிரம்ப் ஏறத்தாழ 80,000 வாக்கு வேறுபாட்டில் வென்றார். அம்மாநிலம் முழுவதும் ஜில் ஸ்டைன் பெற்றவை அவ்வேறுபாட்டைவிடக் குறைவு. அன்றியும், அமெரிக்காவில் மக்கள் நேரே தலைவரைத் தெரிவு செய்வதில்லை. மாநிலந்தோறும் தேர்வாளர் எண்ணிக்கை வகுக்கப்பட்டுள்ளது. மொத்தம் 538 பேர். 270 பேரைப் பெற்றவர் தலைவர். மெய்ன், நெப்ராஸ்கா என்னும் இரு மாநிலங்கள் நீங்கலாக, ஒரு மாநிலத்தில் ஒரு வாக்கு மிகுதியாகப் பெற்றவர்க்கே அம்மாநிலத் தேர்வாளர் அனைவரும் உரியர். டிரம்ப் பெற்றது 312. மிச்சிகனின் 15 பேரை அதிலிருந்து கழித்தாலும் 297 எஞ்சும். எனவே டியர்பார்ன் மக்கள் தேர்தலை மாற்றிவிட்டனர் என்பது கணக்கறியாதார் கூற்று.

அங்ஙனமாயின் மூன்றாமவர் என்றும் முடிவை மாற்றுவதில்லையா? மாற்றியதுண்டு. 2000ஆம் ஆண்டில் புளோரிடா மாநிலம் ஜார்ஜ் புஷ்ஷுக்குக் கிடைத்தது 537 வாக்கு வேறுபாட்டில். அதே மாநிலத்தில் ரால்ப் நேடர் பெற்றவை 97,488. நேடருக்கு வாக்களித்தோர் அனைவரும் ஆல் கோர் பக்கம் சாய்ந்திருக்க வேண்டியதில்லை. நூற்றுக்கு ஒருவர் வீதம் கூடுதலாக அவர் பக்கம் வந்திருந்தால் போதும், உலக வரலாறு வேறு திசையில் சென்றிருக்கும். நாடு முழுவதிலும் மிகுதியான வாக்குகள் பெற்ற கோர், புளோரிடாவின் 25 தேர்வாளரை இழந்து தலைமைப் பதவியையும் இழந்தார். 1992இல் ராஸ் பெரோ ஏறக்குறைய 19 விழுக்காடு வாக்குகள் பெற்றும் ஒரு தேர்வாளரையும் பெறவில்லை. அவர் எவரைக் கெடுத்தார் என்ற வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை.

இவற்றிலிருந்து நாம் பெறும் விதி ஒன்றே. மூன்றாமவர் பெற்ற வாக்கு, முதலிருவரிடை வேறுபாட்டைவிட மிகுதியா எனக் காண்க. மிகுதியாயின், அவ்வாக்காளர் மூன்றாமவர் இல்லாதபோது எங்கே சென்றிருப்பர் எனக் காண்க. முதற்படியை எண்ணால் அறியலாம். இரண்டாம் படியை ஊகத்தால் மட்டுமே அறியலாம். மனிதர் பெரும்பாலும் முதற்படியில் கால் வைக்காமலே இரண்டாம் படிக்குத் தாவி விடுகின்றனர்.

நம் தொகுதிக் கணக்கு

தமிழகத்தின் மூத்தோர்க்கு இது புதிய பாடமன்று. 1989ஆம் ஆண்டுத் தேர்தலை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பின் அ.தி.மு.க. இரண்டாகப் பிரிந்து, ஓரணி சேவல் சின்னத்திலும் மற்றோரணி இரட்டைப் புறாவிலும் நின்றது; காங்கிரஸ் தனித்து நின்றது. நாற்புறப் போட்டியில் தி.மு.க. ஏறத்தாழ 33 விழுக்காடு வாக்குகளைக் கொண்டு 150 இடங்களை வென்றது. மூன்றில் இரு பங்கினர் வேறு பக்கம் நின்றும் அவர்கள் ஒரு பக்கமாக நில்லாமையால் நிகழ்ந்தது அது.

நம் வேலூர் மக்களவைத் தொகுதியையே எடுத்துக் கொள்வோம். வேலூர், அணைக்கட்டு, கீழ்வைத்தினான்குப்பம், குடியாத்தம், வாணியம்பாடி, ஆம்பூர் என்னும் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் அடங்கியது அது. 2014, 2019, 2024 ஆகிய மூன்று தேர்தல்களிலும் புதிய நீதிக் கட்சி நிறுவனர் ஏ.சி.சண்முகம் இரண்டாமிடமே பெற்றார். ஒருவர் மூன்று முறையும் இரண்டாமவராக நிற்க, மூன்றாமவர் மட்டும் மாறிக் கொண்டே வந்த அரிய எடுத்துக்காட்டு நம் தொகுதி.

2014இல் அ.தி.மு.க.வின் செங்குட்டுவன் 3,83,719 வாக்குகளும், தாமரைச் சின்னத்தில் நின்ற சண்முகம் 3,24,326 வாக்குகளும் பெற்றனர். அதுவரை உறுப்பினராயிருந்த முஸ்லிம் லீகின் அப்துல் ரகுமான் 2,05,896 வாக்குகளுடன் மூன்றாமிடத்திற்குச் சென்றார். முதலிருவரிடை வேறுபாடு 59,393. 'மூன்றாமவர் வாக்கைப் பிரிப்பவர்' என்று பிறரைச் சுட்டிப் பழகிய நாம் அன்று நாமே மூன்றாமவர் ஆனோம். அந்த இரண்டு இலக்கத்திற்கு மேற்பட்டோரை 'வாக்கை வீணடித்தோர்' என்று எவரேனும் கூறியிருப்பின் நமக்கு எத்துணைச் சினம் வந்திருக்கும்!

2019இல் நிகழ்ந்ததை இங்குள்ளார் அனைவரும் அறிவர். பணம் கைப்பற்றப்பட்டதைத் தொடர்ந்து ஏப்ரலில் நடக்கவிருந்த வாக்குப்பதிவு நீக்கப்பட்டு, ஆகஸ்டு 5ஆம் நாள் நம் தொகுதிக்கு மட்டும் தனியே தேர்தல் நடந்தது. காசுமீரின் சிறப்புநிலை நீக்கப்பட்ட செய்தி வந்த நாளும் அதுவே. ஆகஸ்டு 9, வெள்ளிக்கிழமை வாக்கு எண்ணிக்கை. காலையில் ஒருவர் முந்தினார். பின்னர் மற்றவர் முந்தினார். ஜும்ஆத் தொழுகைக்குச் சென்றவர்கள் செருப்பை அணியுமுன் கைப்பேசியைப் பார்த்த காட்சியை நாம் மறக்கவில்லை. இறுதியில் தி.மு.க.வின் கதிர் ஆனந்த் 4,85,340. இரட்டை இலையில் நின்ற சண்முகம் 4,77,199. வேறுபாடு 8,141 மட்டுமே. நாம் தமிழர் கட்சி பெற்றவை 26,995. 'இவர்களில் எவரும் இலர்' என்னும் நோட்டாவுக்கு விழுந்தவையே 9,417! ஒருவரையும் விரும்பாதோர் தொகை, வெற்றி வேறுபாட்டை விஞ்சி நின்றது. ஏப்ரலில் பிற தொகுதிகளில் நின்ற அ.ம.மு.க.வும் மக்கள் நீதி மய்யமும் ஆகஸ்டில் இங்கு நிற்கவில்லை. நின்றவர் மட்டுமன்றி நில்லாதவரும் முடிவில் பங்கு பெறுகின்றனர் என்பதற்கு இதுவே சான்று. அணைக்கட்டு, கீழ்வைத்தினான்குப்பம், குடியாத்தம் ஆகியவற்றில் ஒருவரும், வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி ஆகியவற்றில் மற்றவரும் முந்தினர். தோல் தொழில் நகரங்கள் இரண்டும் அம்முடிவில் பெரும்பங்கு கொண்டன.

2024இல் நிலை வேறு. கதிர் ஆனந்த் 5,68,692. மீண்டும் தாமரையில் நின்ற சண்முகம் 3,52,990. தனித்து நின்ற அ.தி.மு.க. 1,17,682. 'இருவரும் சேர்ந்திருந்தால்' என்று பலர் பேசினர். சேர்த்துப் பார்த்தால் 4,70,672. அப்போதும் 98,020 குறைகிறது. வாக்கு பிரிந்தது உண்மை. ஆயினும் எண்ணளவில் அப்பிரிவு முடிவை மாற்றவில்லை. பிரிவு வேறு, பிரிவால் வந்த தோல்வி வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதியதே நம் குடும்பத்தில் நேர்ந்த பிழை.

தோலும் வாக்கும்

நம் தாய்மாமன் வாணியம்பாடித் தோல் பதனிடும் ஆலை ஒன்றில் நாற்பதாண்டுகள் தரம் பிரிப்பவராகப் பணி செய்தவர். வடக்கு நோக்கிய சாளரத்தருகே நின்று, ஆட்டுத் தோலைப் பலகையில் விரித்து, உள்ளங்கையால் ஒருமுறை தடவினால் போதும். அதன் தரத்தைச் சொல்லி விடுவார். துளை ஒன்று தென்பட்டால், அது உரிக்கும்போது கத்தி பட்டதா, ஆடு உயிரோடிருந்தபோது உண்ணி கடித்ததா எனப் பிரித்தறிவார். "துளை எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும், காரணம் தெரியாமல் கசாப்புக்காரனைத் திட்டக் கூடாது" என்று இளையோர்க்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர். நம் வீட்டில் உருது பேசுவோம். அதனால் அவர் நமக்கு மாமூ. நம் தமக்கையின் மக்களுக்கு நானா. இளமையிலேயே கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத்தின் உரையைக் கேட்டவர். ஏணிச் சின்னத்தைத் தவிர வேறெதனையும் அறியாதவர்.

2016 சட்டமன்றத் தேர்தலில் நம் தமக்கை மகனுக்கு முதல் வாக்கு. ஆம்பூரில் காலணித் தொழிற்சாலையொன்றில் புதிதாகச் சேர்ந்திருந்தான். அவ்வாண்டு வாணியம்பாடியில் அ.தி.மு.க. சார்பில் மருத்துவர் நிலோபர் கபீலும், முஸ்லிம் லீக் சார்பில் சையத் பாரூக்கும் நின்றனர். ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மஜ்லிஸ் கட்சியும் முதன்முறையாக நின்றது. மூவரும் நம் சமுதாயத்தாரே. இளையவன் மஜ்லிசுக்கு வாக்களித்தான். அத்தோடு நில்லாமல் வீட்டில் அதனை மறைக்காமலும் சொன்னான். "பெரிய கட்சிகள் பாலாற்றைப் பற்றியும் பேசுவதில்லை, எங்கள் வேலையைப் பற்றியும் பேசுவதில்லை, நானா. எண்ணிக்கையில் தெரிந்தால்தான் எங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள்" என்பது அவன் வாதம்.

மே 19ஆம் நாள் முடிவு வந்தது. ஏணி தோற்றது. மாமூ தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, "நம் வீட்டிலிருந்தே ஏணியின் காலை வாரி விட்டார்கள்" என்றார். அன்று முதல் அவர் அவனோடு பேசவில்லை. அவ்வாண்டு நோன்புப் பெருநாள் தொழுகை முடிந்து ஈத்காவில் ஒருவரையொருவர் தழுவிக் கொண்டபோது, அவர் நம்மைத் தழுவினார். நம் பக்கத்தில் கை நீட்டி நின்ற அவனைக் கடந்து அடுத்தவரைத் தழுவினார். பையனின் நீட்டிய கைகள் மெல்லத் தாழ்ந்ததை நாம் கண்டோம்.

இனி நாம் சொல்லப் போவது நம் குற்றம். முடிவு வெளியான அதே வாரத்தில் கணக்கை நாம் எழுதிப் பார்த்திருந்தோம். வென்றவர் பெற்றவை 69,588. ஏணி பெற்றவை 55,062. வேறுபாடு 14,526. மஜ்லிஸ் பெற்றவை 10,117. அப்பத்தாயிரத்து நூற்றுப் பதினேழு பேரும் ஒருவர் விடாமல் ஏணிக்கே வாக்களித்திருந்தாலும் 4,409 வாக்குகள் குறைந்திருக்கும். அதாவது, நம் தமக்கை மகன் ஏணியைத் தோற்கடிக்கவில்லை. அவனைப் போன்றோர் அனைவரும் சேர்ந்தும் தோற்கடிக்கவில்லை. நான்கு வரிக் கழித்தல் கணக்கு அது. அதனை மாமூவிடம் காட்ட நாம் துணியவில்லை. பெரியவர் முன் வாதிடுவது முறையன்று என்று நமக்கு நாமே சமாதானம் கூறிக் கொண்டோம். உண்மையில் அவர் சினம் நம்மீதும் திரும்பிவிடுமோ என்ற அச்சமே நம்மைத் தடுத்தது. மரியாதை என்னும் போர்வையை அச்சத்திற்குப் போர்த்தி ஐந்தாண்டுகள் வாளாவிருந்தோம்.

2021 மே 2ஆம் நாள் மீண்டும் முடிவு வந்தது. பெருந்தொற்றின் இரண்டாம் அலைக் காலம். மாமூ நலங்குன்றிப் படுக்கையில் இருந்தார். வாணியம்பாடியில் அ.தி.மு.க. 88,018, ஏணி 83,114, வேறுபாடு 4,904. மஜ்லிஸ் அம்முறையும் நின்றது; ஆனால் இரண்டாயிரம் வாக்கைக்கூட எட்டவில்லை. மாமூ நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "அவர்கள் இல்லாமலும் தோற்றோமே, பேட்டா! அப்படியானால் போன முறை?" என்று கேட்டார். அப்போதுதான் நாம் அந்தக் கழித்தல் கணக்கைச் சொன்னோம். அவர் தம் உள்ளங்கையைப் போர்வையின் மேல் வைத்து, தோலைத் தடவுவது போல ஒருமுறை தடவினார். "கத்திக்காயம் என்று நினைத்தேன், உண்ணிக்கடி" என்றார். மேலும் நம்மைப் பார்த்து, "உனக்குத் தெரிந்திருந்ததா?" என்றார். தலை கவிழ்ந்தோம்.

அவ்வாண்டுப் பெருநாள் ஊரடங்கில் வந்தது. ஈத்கா பூட்டிக் கிடந்தது. இளையவன் சென்னையில் இருந்தான். தொலைபேசியில் இருவரும் ஸலாம் சொல்லிக் கொண்டனர், நெடுநேரம் பேசினர். தழுவிக் கொள்ளும் பேறு மட்டும் வாய்க்கவில்லை. அடுத்த பெருநாளுக்கு மாமூ இல்லை. நாம் ஐந்தாண்டுகளுக்கு முன் வாய் திறந்திருந்தால் அவர்களுக்கு எத்தனை பெருநாள்கள் கிடைத்திருக்கும் என்ற கணக்கை மட்டும் நாம் போட்டுப் பார்க்க விரும்புவதில்லை.

தீர்வு உண்டா?

மூன்றாமவரில் மூவகை உண்டு. கொள்கை கூற நிற்பவர் ஒரு வகை. தம் வலிமையைக் காட்டிப் பின்னர்ப் பேரம் பேச நிற்பவர் ஒரு வகை. குழப்பவே நிறுத்தப்படுபவர் ஒரு வகை. 2016இல் காட்டுமன்னார்கோயிலில் தொல்.திருமாவளவன் 87 வாக்கு வேறுபாட்டில் தோற்றார். அத்தொகுதியில் அதே பெயர் கொண்ட சுயேச்சை ஒருவர் பெற்றவை 289. அவர் எவ்வகையினர் என்று நாம் தீர்ப்புக் கூறவில்லை. பெயர் ஒற்றுமை ஒன்றே ஓர் ஊரின் முடிவைத் தொடக்கூடும் என்பதை மட்டும் காட்டுகிறோம். ஆயினும் குழப்புவோர்க்கு அஞ்சி, கொள்கை கூறுவோரையும் வாயடைக்கச் செய்தல் நெல்லுக்குப் பாய வேண்டிய வாய்க்காலைப் புல்லுக்கு அஞ்சி அடைப்பது போலாகும்.

குற்றம் வாக்காளரிடத்தில் இல்லை. எண்ணும் முறையிலும் பங்குண்டு. ஒருவர்க்கு ஒரு முத்திரை என்னும் முறையில் இரண்டாம் விருப்பத்தைச் சொல்ல வழியில்லை. நம் நாட்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலில் அவ்வழி உண்டு. 1969இல் வி.வி.கிரி முதல் விருப்ப வாக்குகளில் 4,01,515 மதிப்பும், சஞ்சீவ ரெட்டி 3,13,548 மதிப்பும் பெற்றனர். மூன்றாமவராக நின்ற தேஷ்முக் 1,12,769 பெற்றார். எவர்க்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லாமையால் இரண்டாம் விருப்பங்கள் எண்ணப்பட்டன. அவற்றின் பெரும்பகுதி ரெட்டிக்கே சென்றது. எனினும் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427 என முடிந்து கிரி வென்றார். மூன்றாமவர் வாக்கு எங்கே சென்றது என்பதில் அங்கு ஊகத்திற்கு இடமில்லை. எண்ணித் தெரிந்து கொண்டனர். இலங்கையிலும் குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்காளர் மூன்று விருப்பங்கள்வரை குறிக்கலாம். 2024 செப்டம்பரில் முதன்முறையாக அங்கு இரண்டாம் விருப்பங்களை எண்ண நேர்ந்தது. முதற்சுற்றில் முந்தியிருந்த அநுர குமார திசாநாயக்கவே முடிவிலும் வென்றார். நம் சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களுக்கு இம்முறை ஏற்குமா என்பது சட்டமறிந்தோர் ஆய வேண்டிய பொருள்.

அதுவரை நாம் செய்யத்தக்கவை இரண்டு. வாக்களிக்குமுன் ஒவ்வொருவரும் தத்தம் தொகுதியின் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மூன்றாமவரை விரும்புவோர், அவ்விருப்பத்தால் விளையக் கூடியதையும் அறிந்தே விரும்புதல் வேண்டும். வாக்களித்தபின், பிறர் வாக்கைக் குறை கூறுமுன் கழித்தல் கணக்கைப் போட்டுப் பார்த்தல் வேண்டும். எவருடைய வாக்கும் எவர்க்கும் அடகு வைக்கப்பட்ட பொருளன்று. ஒருவர் பெறாத வாக்கை அவரிடமிருந்து பிறர் பறித்ததாகக் கூறுதல் வழக்காகாது.

மாணவச் செல்வங்களே! அன்று வகுப்பில் கேட்கப்பட்ட வினாவிற்கு இதுவே நம் விடை. தேர்தலிலும் படர்க்கைக்கு இடம் உண்டு. அவ்விடம் சில வேளை முடிவை மாற்றும். பல வேளை மாற்றாது. எப்போது மாற்றும், எப்போது மாற்றாது என்பதை எண்ணி அறிந்து, அறிந்ததை உரிய காலத்தில், உரியவரிடம், அஞ்சாது சொல்லுங்கள். நாம் சொல்லாது விட்டதால் ஓர் இளைஞன் ஐந்து பெருநாள்கள் தன் வீட்டாரிடையே படர்க்கையாய் நின்றான்.